கப்பல் பொசிஷனை மேப்பில் போட்டால் துவாஸ் தாண்டிக் காட்டுகிறது, யாராவது விளக்குங்களேன்

படகுத்துறை_பாலு:

வணக்கம். சிங்கப்பூரில் கப்பல்களுக்குச் சாமான் சப்ளை செய்யும் சின்ன கம்பெனி ஒன்றில் ஆபரேஷன்ஸ் பார்க்கிறேன். ஆங்கரேஜில் (கப்பல்கள் நங்கூரம் போடும் இடம்) நிற்கிற கப்பல் காய்கறி கேட்கும், குடிதண்ணீர் கேட்கும், பெயிண்ட் டின் கேட்கும், படகில் ஏற்றி அனுப்புவோம். கப்பல் எங்கே நிற்கிறது என்பதை ஏஜெண்ட் வாட்ஸப்பில் போடுவார், நான் அதை மேப்பில் பார்த்துவிட்டுப் படகு ஓட்டும் அண்ணனுக்கு லிங்க் அனுப்ப வேண்டும்.

ஒவ்வொரு ஏஜெண்டும் ஒவ்வொரு மாதிரி எழுதுகிறார். ஒருவர் 01-17.50 வடக்கு, 103-56.80 கிழக்கு என்கிறார். இன்னொருவர் 1°15'36", 103°53'24" என்று டிகிரி, நிமிடம், வினாடி போட்டு அனுப்புகிறார். மூன்றாவது ஆள் 1.2698, 103.8913 என்று தசமத்தில் தருகிறார், அது மட்டும் சொன்னபடி சரியாக விழுகிறது. முதல் ஆளுடையதில் நடுவிலுள்ள சின்னக் கோட்டை (-) எடுத்துவிட்டு 1.1750, 103.5680 என்று போட்டால் ஈஸ்ட் கோஸ்ட் பார்க்குக்கு எதிரே நிற்க வேண்டிய கப்பலை, தீவின் மேற்குக் கோடியிலுள்ள துவாஸுக்குத் தென்மேற்கே கடலில் காட்டுகிறது. மேப் தப்பா, ஏஜெண்ட் தப்பா, நான் தப்பா?

இதற்கு மேல் பாஸ் எல்லாவற்றையும் ஒரே எக்செல்லில், ஒரே முறையில் கேட்கிறார். கரையில் லாரி நிற்கும் இடங்களுக்கு ஒரு பழைய பட்டியலும் கொடுத்திருக்கிறார். அதில் டிகிரியே கிடையாது, 29 ஆயிரம், 31 ஆயிரம் என்று ஐந்து இலக்க எண்கள். அது என்ன கணக்கென்றே பிடிபடவில்லை.

கடலாடி:

தம்பி, மேப் சரி, ஏஜெண்டும் சரி. அவர் அனுப்பியது கப்பல்காரர்கள் வழக்கமாக எழுதுகிற முறை. கோட்டுக்கு முன்னால் இருப்பது முழு டிகிரி, பின்னால் இருப்பது நிமிடம், புள்ளிக்கு அப்புறம் வருவது அந்த நிமிடத்தின் தசமப் பகுதி. ஒரு டிகிரிக்கு 60 நிமிடம். ஆகவே 17.50ஐ 60ஆல் வகுத்தால் 0.291667, அதோடு 1ஐக் கூட்டினால் 1.291667. அதே மாதிரி 56.80 வகுத்தல் 60 என்றால் 0.946667, ஆக 103.946667. இதை மேப்பில் போட்டுப் பார், ஈஸ்ட் கோஸ்டுக்கு நேரே கடலில் நிற்கும். நீ போட்டதற்கும் இதற்கும் இடையே சுமார் 44 கிலோமீட்டர்.

கடலில் ஏன் இப்படி என்று கேட்டால், அட்சரேகையில் ஒரு நிமிடம் நகர்ந்தால் ஏறக்குறைய ஒரு நாட்டிகல் மைல், அதாவது 1852 மீட்டர் (பூமி கொஞ்சம் சப்பை என்பதால் நம்ம பக்கம் 1843 மீட்டர் அளவில்தான் வரும்). சார்ட்டின் (கடல் வரைபடம்) ஓரத்தில் உள்ள அட்சரேகை அளவில் டிவைடரை வைத்தால் தூரத்தை அங்கேயே படித்துவிடலாம், கால்குலேட்டர் தேவையில்லை. சாட்டிலைட் வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை, போகவும் வேண்டியதில்லை.

டிகிரி நிமிடம் வினாடியும் இதே கதைதான், ஒரு படி கூடுதல். நிமிடத்தை 60ஆல் வகு, வினாடியை 3600ஆல் வகு, மூன்றையும் கூட்டு. பெட்ரா பிராங்காவை எடுத்துக்கொள், 2008இல் அனைத்துலக நீதிமன்றம் சிங்கப்பூருக்கென்று தீர்ப்பளித்த பாறைத்தீவு. தீர்ப்பில் அது இருக்கும் இடம் 1°19'48" வடக்கு, 104°24'27" கிழக்கு. 19 வகுத்தல் 60 என்றால் 0.316667, 48 வகுத்தல் 3600 என்றால் 0.013333, கூட்டினால் சரியாக 1.33. கிழக்கு 104 + 0.4 + 0.0075, ஆக 104.4075. கப்பல் முறையில் அதையே எழுதினால் 1-19.80, 104-24.45. மூன்றும் ஒரே பாறைதான். 1.1948, 104.2427 என்று குறியை மட்டும் எடுத்துவிட்டுப் போட்டால் அங்கிருந்து 24 கிலோமீட்டர் தள்ளி பிந்தான் தீவுப் பக்கம் போய்விடும்.

வகுப்பது யார் வேண்டுமானாலும் செய்வார்கள். தப்பு நடப்பது எந்த முறையில் எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் வகுக்கும்போது. 17.50 என்பது பதினேழரை நிமிடமா, 17 நிமிடம் 50 வினாடியா? சிலர் வினாடியையும் புள்ளி வைத்துத்தான் எழுதித் தொலைக்கிறார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 20 வினாடி, கடலில் 600 மீட்டருக்குச் சற்று மேல், அந்த இடத்தில் வேறொரு கப்பல் நிற்கும். இதற்கு ஒரு வழி இருக்கிறது: புள்ளிக்குப் பின்னால் உள்ள இரண்டு இலக்கம் 60 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வினாடியாக இருக்கவே முடியாது. உன் ஏஜெண்டின் 56.80லேயே விடை இருக்கிறது, 80 வினாடி என்று ஒன்று கிடையாது. ஒரே ஒரு எண்ணை வைத்து முடிவெடுக்காதே, அதே ஆள் முன்பு அனுப்பியதையெல்லாம் எடுத்துப் பார். இருபது முப்பது எண்களில் ஒன்றுகூட 59ஐத் தாண்டவில்லை என்றால் அவர் வினாடிதான் எழுதுகிறார்.

சாங்கி_சரவணன்:

எதற்கு இவ்வளவு கணக்கு? கூகுள் மேப்ஸ் தேடும் பெட்டியில் கோட்டுக்குப் பதில் இடைவெளி விட்டு 1 17.50, 103 56.80 என்று அடியுங்கள் ப்ரோ, அதுவே புரிந்துகொள்ளும். டிகிரி நிமிடம் வினாடியையும் குறிகளோடு ஒட்டினால் எடுத்துக்கொள்ளும். கீழே தசமத்திலும் காட்டும், அதை காப்பி பண்ணிக்கொள்ளலாம்.

கடலாடி:

ஒரு கப்பலுக்குச் சரி, நானும் அப்படித்தான் பார்ப்பேன். நூறு வரி எக்செல்லை யார் உட்கார்ந்து அடிப்பது? தவிர, வினாடியை நிமிடத்தின் தசமம் மாதிரி எழுதி அனுப்பியிருந்தால் கூகுளுக்கும் அது தெரியாது, அடித்ததை அப்படியே நம்பும்.

செங்காங்_அக்கா:

பாலு தம்பி, எக்செல் பக்கம் நான் சொல்கிறேன், லாஜிஸ்டிக்ஸில் தினமும் இதுதான்.

முதலில் ஏஜெண்ட் அனுப்பியதை அப்படியே ஒரு காலத்தில் (அதாவது நெடுவரிசையில்) டெக்ஸ்ட்டாக வை, அதைத் தொடாதே. மாற்றியதை அடுத்த காலத்தில் வை. எதையாவது சந்தேகப்பட்டால் திரும்பிப் போய்ப் பார்க்க மூலம் வேண்டும். காலத்தை டெக்ஸ்ட் என்று முன்பே அமைக்காவிட்டால் எக்செல் தன் இஷ்டத்துக்குப் புகுந்து விளையாடும், 1-17 என்று அடித்தால் ஜனவரி 17 ஆக்கிவிடும்.

01-17.50 போன்றதற்கு லெஃப்ட் ஃபங்ஷனால் முதல் இரண்டு எழுத்தை எடு, மிட் ஃபங்ஷனால் நான்காவது எழுத்திலிருந்து ஐந்து எழுத்தை எடுத்து 60ஆல் வகு, இரண்டையும் கூட்டு. தீர்க்கரேகைக்கு முதல் மூன்று எழுத்து, அப்புறம் ஐந்தாவதிலிருந்து ஐந்து. ஆனால் எவராவது முன்னால் உள்ள பூஜ்யத்தை விட்டுவிட்டு 1-17.50 என்று அனுப்பினால் எண்ணிக்கை நகர்ந்து எர்ரர் வரும். புது எக்செல்லாக இருந்தால் டெக்ஸ்ட்பிஃபோர், டெக்ஸ்ட்ஆஃப்டர் என்று இரண்டு ஃபங்ஷன் உண்டு, கோட்டுக்கு முன்னால் இருப்பது, பின்னால் இருப்பது என்று பிரித்துவிடும், பூஜ்யம் இருந்தாலென்ன இல்லாவிட்டாலென்ன. வடக்கு கிழக்கு எழுத்துகளை மட்டும் முதலிலேயே நீக்கிவிடு.

டிகிரி நிமிடம் வினாடிக்கு எனக்குப் பிடித்த குறுக்குவழி: குறிகளையெல்லாம் கோலனாக மாற்று, 103:56:48 என்று. எக்செல் அதை மணி நிமிடம் வினாடி என்று நினைத்துக்கொள்ளும், நினைக்கட்டும். அதை 24ஆல் பெருக்கி, செல்லை நம்பர் என்று மாற்றினால் 103.946667 வந்து நிற்கும். நேரத்திலும் 60க்கு 60, கோணத்திலும் 60க்கு 60, அதனால் வேலை செய்கிறது. நிமிடக் குறியில் மட்டும் கவனம், வாட்ஸப்பில் வரும் மேற்கோள் குறி நேராகவும் இருக்கும், வளைந்தும் இருக்கும், கண்ணுக்கு ஒன்று போலத் தெரிந்தாலும் ஃபைண்ட் ரீப்ளேஸுக்கு இரண்டும் வேறு. இரண்டையும் தனித்தனியாக மாற்ற வேண்டும். பாதிப் பேர் இங்கேதான் மாட்டிக்கொண்டு அரை நாளைத் தொலைப்பார்கள்.

இன்னொன்று, இது இப்போது உனக்குத் தேவைப்படாது, ஆனால் நாளைக்கு ஜகார்த்தா கப்பல் வரும். தெற்கும் மேற்கும் மைனஸ். 6°12' தெற்கு என்றால் 6ஐயும் 0.2ஐயும் கூட்டி 6.2 ஆக்கிவிட்டு, கடைசியாக முழுவதற்கும் மைனஸ் போடு. மைனஸ் 6இலிருந்து ஆரம்பித்து 0.2ஐக் கூட்டினால் மைனஸ் 5.8 வரும், ஊருக்குள் இருக்க வேண்டியது 44 கிலோமீட்டர் வடக்கே ஜாவாக் கடலில் மிதக்கும். சிங்கப்பூரில் எல்லாமே வடக்கு, எல்லாமே கிழக்கு என்பதால் இந்த ஃபார்முலா தப்பு வருஷக்கணக்கில் வெளியே தெரியாமல் கிடக்கும்.

படகுத்துறை_பாலு:

அக்கா, அண்ணே, ரொம்ப நன்றி. கோலன் வழி உடனே வேலை செய்தது. கோட்டு போட்டவரின் பழைய மெசேஜ்களைப் பார்த்தேன், 17.85, 16.92 என்றெல்லாம் இருக்கிறது, அப்படியானால் நிமிடத்தின் தசமம்தான்.

இரண்டு சந்தேகம். எங்களுக்கு முன்னால் இருந்தவர் பாதி ஷீட்டை ஏற்கனவே "மாற்றி" வைத்திருக்கிறார், மூலம் இல்லை. அதில் எது சரி எது தப்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அப்புறம் அந்த ஐந்து இலக்க எண்கள்.

அளவைக்கோல்:

ஐந்து இலக்கம் என் ஏரியா, நில அளவையில் இருக்கிறேன்.

அது எஸ்விஒய்21, சிங்கப்பூரின் சொந்த அளவை முறை, 2004இலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. டிகிரி கிடையாது, முழுக்க மீட்டர். 1°22' வடக்கு, 103°50' கிழக்கு என்ற புள்ளியை ஆதாரமாக எடுத்து (பியர்ஸ் நீர்த்தேக்கப் பக்கம் வரும்) அங்கிருந்து வடக்கே எத்தனை மீட்டர், கிழக்கே எத்தனை மீட்டர் என்று எண்ணுகிறார்கள். அந்தப் புள்ளிக்குப் பூஜ்யம் கொடுத்தால் தெற்கே மேற்கே போகும்போது மைனஸ் வருமே, அதைத் தவிர்க்க ஆதாரப் புள்ளிக்கே வடக்கு 38744.572, கிழக்கு 28001.642 என்று கொடுத்துவிட்டார்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கார்பார்க் பட்டியல் போன்ற அரசாங்கத் தரவுகளிலும் இதே எண்கள்தான் வரும், உங்கள் லாரிப் பட்டியலும் அங்கிருந்து எடுத்ததாக இருக்கலாம்.

முறையாக மாற்ற அரசாங்கத்தின் இணைய மேப்பான ஒன்மேப் இருக்கிறது, கியூஜிஐஎஸ் என்ற இலவச மேப் மென்பொருள் இருக்கிறது. கியூஜிஐஎஸ்ஸில் உள்ளே வருவது இபிஎஸ்ஜி 3414 (எஸ்விஒய்21இன் குறியீட்டு எண்), வெளியே போவது 4326 (வழக்கமான டிகிரி) என்று சொன்னால் முழு ஃபைலையும் ஒரே அடியில் மாற்றித் தரும். ஆனால் லாரி நிறுத்த அவ்வளவு துல்லியம் வேண்டாம் என்றால் எக்செல்லிலேயே முடிக்கலாம். வடக்கு எண்ணிலிருந்து 38744.572ஐக் கழித்து 110575ஆல் வகுத்து 1.366667ஐக் கூட்டுங்கள். கிழக்கு எண்ணிலிருந்து 28001.642ஐக் கழித்து 111288ஆல் வகுத்து 103.833333ஐக் கூட்டுங்கள். அந்த இரண்டு எண்களும் நம்ம அட்சரேகையில் ஒரு டிகிரிக்கு எத்தனை மீட்டர் என்பதுதான். வேறு நாட்டில் இப்படிச் செய்தால் என் வாத்தியார் அடிக்க வருவார், ஆனால் நம்ம தீவு சின்னது, பூமத்திய ரேகைக்குப் பக்கத்திலும் இருக்கிறது, அதனால் தீவுக்குள் எங்கே போட்டாலும் சில மீட்டருக்குள் வந்துவிடும். எல்லைக்கல் நடுவதற்கு மட்டும் இதைப் பயன்படுத்தாதீர்கள்.

சோதித்துப் பார்க்க ஒரு எண்: வடக்கு 30000, கிழக்கு 30000. மேலே சொன்னபடி போட்டால் 1.28758, 103.85129 வரும், சிங்கப்பூர் ஆற்றங்கரையில் எம்பிரஸ் பிளேஸ். அங்கே விழவில்லை என்றால் ஃபார்முலாவில் ஏதோ தட்டச்சுப் பிழை.

கவனிக்க வேண்டியது, எது வடக்கு எது கிழக்கு என்று காலத்தின் தலைப்பைப் பார்த்து உறுதி செய்யுங்கள். கார்பார்க் தரவில் எக்ஸ் என்பது கிழக்கு, ஒய் என்பது வடக்கு, எங்கள் ஆட்கள் எழுதும்போது வடக்கை முதலில் எழுதுவார்கள். இரண்டுமே ஐந்து இலக்கம், இடம் மாறினாலும் புள்ளி பெரும்பாலும் சிங்கப்பூருக்குள்ளேயே வேறெங்கோ போய் விழும், யாருக்கும் சந்தேகம் வராது. டிகிரியில் அந்த ஆபத்து நமக்கு இல்லை. அட்சரேகை 90க்கு மேல் போகாது என்பதால் 103ஐ முதலில் போட்டாலே மேப் ஏற்காது. சென்னைக்காரருக்கு இந்தச் சலுகை கிடையாது, 13.08, 80.27ஐத் திருப்பிப் போட்டால் மேப் மறுபேச்சில்லாமல் ஸ்வால்பார்டுக்கு வடக்கே பனிக்கடலைக் காட்டும். ஜியோஜேசன் (மேப் தரவுக்கான ஒரு ஃபைல் வகை) ஃபைல் கொடுத்தால் அதில் தீர்க்கரேகைதான் முதலில் வரும், கூகுளுக்கு நேர் எதிர். அதையும் மனதில் வையுங்கள்.

கடலாடி:

பழைய ஷீட்டுக்கு நான் சொல்கிறேன். தீர்க்கரேகைக் காலத்தை மட்டும் பார், அட்சரேகை உதவாது. சிங்கப்பூர்த் தீவு கிடப்பது 103°36'லிருந்து 104°03' வரைக்கும், தசமத்தில் 103.60லிருந்து 104.05 வரைக்கும். நிமிடத்தை வகுக்காமல் வெறுமனே புள்ளி வைத்து ஒட்டியிருந்தால் 103க்குப் பின்னால் 36லிருந்து 59 வரைதான் வர முடியும், அதாவது 103.36 முதல் 103.59. சரியாக வகுத்திருந்தால் 103.60க்கு மேல்தான் வரும். இரண்டும் ஒட்டாமல் தனித்தனியாக நிற்கின்றன, நம்ம ஊருக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். ஆகவே 103.60க்குக் கீழே உள்ளதையெல்லாம் வடிகட்டி எடு, துவாஸுக்கு மேற்கே உண்மையிலேயே நிற்கிற ஒன்றிரண்டு கப்பலைத் தவிர மற்றதெல்லாம் மாற்றாமல் விட்டது. 104க்குப் பின்னால் இந்த வித்தை செல்லாது, 104.02 என்று இருந்தால் 2 நிமிடமா, நூற்றில் இரண்டு டிகிரியா என்று ஏஜெண்டைத்தான் கேட்க வேண்டும். அட்சரேகையில் சரியானதும் தப்பானதும் 1.16லிருந்து 1.28 வரை ஒன்றோடொன்று கலந்து கிடக்கும், அதனால்தான் உன் 1.1750 உனக்குச் சந்தேகமே தரவில்லை.

இலக்கம் எத்தனை வைப்பது என்றும் கேட்பாய். தசமத்தில் நான்கு இலக்கம் என்றால் 11 மீட்டர், ஐந்து என்றால் ஒரு மீட்டர். கப்பல் முறையில் நிமிடத்துக்குப் பின்னால் இரண்டு இலக்கம் என்றால் 18 மீட்டர் அளவு. படகுக்கு அது தாராளம், கப்பலே 200, 300 மீட்டர் நீளம் இருக்கும். எக்செல் கொடுத்தது என்று பத்து இலக்கத்தை அப்படியே அனுப்பாதே, ஐந்தோடு நிறுத்து.

படகுத்துறை_பாலு:

103.60 வடிகட்டி போட்டேன், பாதிக்கு மேல் மாட்டியது அண்ணே. முன்னால் இருந்தவரைத் திட்டி என்ன பயன்.

கடைசியாக இரண்டு வரி மட்டும் நிற்கிறது. ஒன்றில் 0117.4520, 10355.9100 என்று இருக்கிறது, எங்கள் படகு டிராக்கரிலிருந்து எடுத்தது. இன்னொன்று ஏதோ கப்பல், 91, 181 என்று மட்டும் இருக்கிறது.

செங்காங்_அக்கா:

முதலாவது கோட்டு முறையேதான், கோட்டை மட்டும் விழுங்கிவிட்டது. ஜிபிஎஸ் கருவிகள் உள்ளுக்குள் இப்படித்தான் பேசும். அட்சரேகையில் முதல் இரண்டு இலக்கம் டிகிரி, தீர்க்கரேகையில் முதல் மூன்று, மீதியெல்லாம் நிமிடம். 17.4520 வகுத்தல் 60, ஆக 1.290867. மற்றது 103.931833. முன்னால் உள்ள பூஜ்யத்தை எக்செல் தின்றுவிட்டால் 117.4520 என்று ஆகிவிடும், அதனால் இதை எண்ணாகவே வைத்து, 100ஆல் வகுத்து முழு எண்ணை டிகிரியாக எடு, மீதியை நிமிடமாக எடு. அப்படிச் செய்தால் பூஜ்யம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

கடலாடி:

91ம் 181ம் இடமே இல்லை தம்பி. அட்சரேகை 90ஐத் தாண்டாது, தீர்க்கரேகை 180ஐத் தாண்டாது. கப்பலின் ஏஐஎஸ் கருவிக்கு (கப்பல் தன் அடையாளத்தையும் இடத்தையும் ரேடியோவில் அறிவிக்கும் கருவி) தன் பொசிஷன் கிடைக்காதபோது அனுப்புகிற எண் அது. மாற்ற ஒன்றும் இல்லை, ஏஜெண்டுக்குப் போன் போடு. போடும்போது மற்ற கப்பல்களின் பொசிஷனும் எத்தனை மணிக்கு எடுத்தது என்று கேட்டு ஷீட்டில் ஒரு நெடுவரிசை சேர்த்துக்கொள், நங்கூரத்தில் நிற்கிற கப்பல் நீரோட்டம் மாறினால் சங்கிலி நீளத்துக்குச் சுற்றி வந்து எதிர்ப்பக்கம் நிற்கும், காலையில் எடுத்த எண்ணை வைத்துக்கொண்டு சாயங்காலம் படகு போனால் சில நூறு மீட்டர் தேட வேண்டியிருக்கும்.